பேச முடியாதவனுக்காக யார் பேசுவது

ஜூன் 19

அன்புள்ள தம்பிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். முழங்கால் மட்டும் ஹாஸ்டல் மாடிப்படியைப் பார்த்து முறைக்கிறது. மற்றபடி உடம்பைப் பற்றிப் புகார் இல்லை. உன் தொண்டைக் கட்டு விட்டதா? ஸ்டேஷனில் நீ வழியனுப்பியபோது தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி இருந்தது உன் குரல். லாரிக்காரர்களிடம் கத்துவதைக் குறை. உன் பெண்டாட்டி, நம் தையல்காரி, இடுப்பு வலிக்கு மருந்து சாப்பிடுகிறாளா? விசாரித்ததாகச் சொல்.

இரண்டாம் வருஷம் தொடங்கிவிட்டது. 'பண்டைய கிரேக்க, ரோமானியப் பண்பாடு' என்று பலகை மாட்டிய அறைக்குள் நான் நுழைந்தால், புதுப் பிள்ளைகள் டீச்சர் என்று நினைத்து எழுந்து நிற்கிறார்கள். நானும் உட்காரச் சொல்லிக் கை காட்டிவிட்டுப் பின்பெஞ்சுக்குப் போய்விடுகிறேன்.

கிளம்பும்போது கேட்டாய், "இந்த வயசுல இதெல்லாம் என்னத்துக்கு அக்கா? பீங்கான் வாங்க வர்றவன் கிரேக்கத்துலயா விலை கேக்கப்போறான்?" என்று. பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன். தெருத் தெருவாகக் கூடையில் கோப்பை விற்ற காலத்திலிருந்து நமக்கு ஒரே ஏற்பாடு: நீ பேசுவாய், நான் பின்னால் உட்கார்ந்து விலை போடுவேன். கடை வைத்த பிறகும் அதுதான். கிரேக்கப் பாணியில் கறுப்பு ஆட்கள் ஈட்டியோடு ஓடுவதாக வரைந்த அலங்கார ஜாடிகளை விற்றோமே, அவர்கள் யார் என்று வாடிக்கையாளர் கேட்டால் நீ வாய்க்கு வந்ததைச் சொல்வாய். ஒருத்தரிடம் பங்காளிச் சண்டை, அடுத்தவரிடம் கல்யாண ஊர்வலம். ஜாடி விற்றுவிடும். எனக்குத்தான் உறுத்தும். உண்மையில் அவர்கள் எங்கே ஓடுகிறார்கள்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்தேன். கடையை நடத்தியாயிற்று, உனக்குக் குடும்பம் அமைத்தாயிற்று, இது ஒன்று எனக்காக.

பயம் ஒன்றே ஒன்று. மார்ச்சில் வாய்மொழித் தேர்வு. ஐந்து பேர் எதிரில் உட்கார்ந்து கேட்பார்கள், நான் வாயைத் திறந்து பேச வேண்டும். அதில் தவறினால் இரண்டு வருஷமும் தண்ணீரில் போட்ட மாதிரி. நான் எங்கே, பேச்சு எங்கே.

இப்படிக்கு, நீ பேர் வைத்த
ஊமைக்கோட்டான்


ஜூலை 6

அக்காவுக்கு,

இங்கே நலம், நீயும் நலமாக இரு. எனக்கு எழுதக் கை வராது. இந்த நாலு வரிக்கே தையல்காரி பக்கத்தில் நின்று சிரிக்கிறாள்.

ஜாடியில் ஓடுகிறவர்கள் மாமியாருக்குப் பயந்து ஓடுகிறார்கள். இதைக் கண்டுபிடிக்க ஒரு பல்கலைக்கழகமா? தொண்டை அப்படியேதான் இருக்கிறது. டாக்டரிடம் காட்டச் சொல்லி இவள் நச்சரிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய். பேசித் தீர்க்கிற விஷயத்துக்குப் பேனா எதற்கு?

ஓட்டைவாய்


ஆகஸ்ட் 12

அன்புள்ள தம்பிக்கு,

மழை விடவில்லை. துணிதான் காயவில்லை, நான் காய்ச்சல் இல்லாமல் இருக்கிறேன். நீங்கள் இருவரும் சுகமா? ஞாயிறு தவறாமல் போன் செய்கிறேன். மணி அடிக்கிறது, எடுக்க ஆளில்லை. டாக்டர் என்ன சொன்னார்?

இங்கே ஒரு கூத்து நடந்தது. எங்கள் துறையில் சின்னதாக ஒரு மியூசியம் உண்டு. இரண்டாயிரத்து நானூறு வருஷப் பழைய கிண்ணம் ஒன்றைப் பேராசிரியை மேசைமேல் வைத்து, அருகில் வந்து பார்க்கச் சொன்னார். பார்த்தேன். என் விரல் என்னைக் கேட்கவில்லை. லாரியில் வந்திறங்கிய சரக்கில் விரிசல் பார்க்கச் சுண்டுவதுபோல விளிம்பில் ஒரு சுண்டு சுண்டிவிட்டேன். பேராசிரியைக்கு உயிர் போய் வந்தது. "ஐயையோ, என்னம்மா பண்றீங்க!" என்று கிண்ணத்தைக் குழந்தையைப்போல அள்ளிக்கொண்டார்.

கணீரென்று வரவேண்டியது 'டொக்'கென்று செத்த சத்தமாக வந்தது. சரக்கு என்றால் மட்டும் என் வாய் சும்மா இருக்குமா? "மேடம், இது உடைஞ்ச சரக்கு, ஒட்டியிருக்காங்க" என்றேன். "அதான் அட்டையிலயே எழுதியிருக்கே, படிக்கலையா?" என்று அவர் காட்டினார். துண்டு துண்டாகக் கிடைத்து ஒட்டியதாம். வகுப்பே உருண்டு சிரித்தது. இப்போதெல்லாம் நான் வந்தால் என்னிடம் முதலில் கையைக் கட்டச் சொல்கிறார்கள்.

இந்தப் பருவத்தில் பேச்சுக்கலை படிக்கிறோம். ஏதன்ஸில் வழக்கு என்றால் அவனவனே எழுந்து நின்று பேச வேண்டும். பேச்சை எழுதித் தரக் காசுக்கு ஆள் உண்டு, ஆனால் வாய் உன்னுடையதாக இருக்க வேண்டும். பேச வராதவன் ஊருக்குள் பாதி ஆள்தான். ஒருவனுக்கு நாக்குப் புரளாதாம். கூழாங்கற்களை வாயில் போட்டுக்கொண்டு பேசிப் பழகியே பெரிய பேச்சாளன் ஆனதாகக் கதை. படித்ததும் உன்னை நினைத்துக்கொண்டேன். உன் வாயில் பாறாங்கல்லைத் திணித்தாலும் பேச்சு நிற்காது.

போனை எடு.

அக்கா


செப்டம்பர் 27

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் முழங்கால் எப்படி? பதில் எழுத நாளாகிவிட்டது, திட்டாதே. ரோட்டைத் தோண்டிப் போட்டதில் எங்கள் வரிசைக்கே போன் செத்துக் கிடக்கிறது. "எப்பய்யா சரியாகும்?" என்று போன்காரனைக் கேட்டால், "ஆகும்" என்கிறான். "அதான் எப்ப?" என்றால், "ஆகும்போது" என்கிறான். இப்படிப்பட்ட ஆளைத்தான் நீ அந்தக் காலத்தில் ஏதன்ஸுக்கு அனுப்பியிருக்க வேண்டும்.

அதனால் நான் எழுத்தாளன் ஆகிவிட்டேன். முதல் பக்கம்தான் கஷ்டம். அப்புறம் சைக்கிளில் இறக்கத்தில் போகிற மாதிரி தானாகப் போகிறது. தொண்டைக்கு டாக்டரிடம் காட்டினேன். ஓய்வு கொடுக்கச் சொன்னார், கொடுத்துவிட்டேன். அந்தக் கதை முடிந்தது.

கடையில் புது ஏற்பாடு. முன்னால் தையல்காரி உட்காருகிறாள். நான் பின்னால் உன் நாற்காலியில். விலையைச் சிலேட்டில் எழுதி வைத்துவிட்டோம், பேரமே கிடையாது. அந்த ஹோட்டல்காரர் வந்தார், ஒரு தட்டுக்கு ஒரு மணி நேரம் இழுப்பாரே, அவர்தான். நான் சிலேட்டைத் தூக்கிக் காட்டினேன். "என்னம்மா, வீட்டுக்காரர் வாயே திறக்கல? என்மேல கோபமா?" என்று இவளைக் கேட்டார். இவள் கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே, "விலை அதுதான். அதுக்கு மேல பேச என்ன இருக்கு?" என்றாள். மனுஷன் வெலவெலத்துப்போய் முழு செட்டையும் கட்டச் சொன்னார். முப்பது வருஷமாகத் தொண்டை கிழியப் பேசி விற்றேன். சும்மா உட்கார்ந்திருந்தாலே விற்கும் என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

நீ கிண்ணத்தைச் சுண்டிய கதையை இவள் சத்தமாகப் படித்தாள். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர். கூழாங்கல் ஆளைப் பற்றி இன்னும் எழுது. கல்லை எடுத்த பிறகு முதல் வார்த்தை என்ன பேசினான் என்று போட்டிருக்கிறதா?

புதிதாகப் பூப்போட்ட கோப்பைகள் வந்திருக்கின்றன. பூ அசிங்கம், ஆனால் கைப்பிடி நன்றாக இருக்கிறது. உனக்கென்று ஆறு எடுத்து வைத்திருக்கிறேன். எழுதிக்கொண்டே இரு. எழுத்து நல்ல விஷயம்தான் அக்கா, நான்தான் தெரியாமல் இருந்துவிட்டேன்.

ஓட்டைவாய்


அக்டோபர் 20

அன்புள்ள எழுத்தாளருக்கு,

நான் சுகம். உன் கடிதத்தைத் தலையணைக்கடியில் வைத்திருக்கிறேன். என் அறைப்பெண், மகள் வயது, "யார் ஆன்ட்டி, பாய் ஃப்ரெண்டா?" என்று கேட்கிறாள். "ஆமா, நான் தூக்கி வளர்த்த பாய் ஃப்ரெண்ட்" என்றேன். இவ்வளவு காலம் இந்தத் திறமையை எங்கே வைத்திருந்தாய்? தையல்காரியின் இடுப்பைப் பற்றி ஒரு வரி எழுதவில்லையே?

ரோமானியர்கள் கடிதம் தொடங்கும்போதே, 'நீ நலமென்றால் நல்லது, நான் நலம்' என்று எழுதுவார்கள். எல்லோரும் எழுதி எழுதிச் சலித்துப்போய், கடைசியில் ஒவ்வொரு சொல்லுக்கும் முதல் எழுத்தை மட்டும் போட்டார்கள். நம் மூட்டைமேல் 'உடையும் பொருள்' என்று அச்சடிப்பது மாதிரி. யாரும் படிப்பதில்லை, ஆனால் இல்லாவிட்டால் ஏதோ குறையும்.

கல்லை எடுத்தபின் என்ன பேசினான் என்று எங்கேயும் இல்லை.

நேற்று வகுப்பில் வாய்மொழித் தேர்வுக்கு ஒத்திகை. மூன்று நிமிஷம் பேசச் சொன்னார்கள். எல்லாம் தெரியும், ஒன்றும் வரவில்லை. தரையில் டைல்ஸை எண்ணிவிட்டு உட்கார்ந்தேன். பேராசிரியை தனியாகக் கூப்பிட்டு, "எழுத்துல புலியா இருக்கீங்க, வாயைத் திறந்தா ஏன் இப்படி?" என்றார். நீதான் சொல்லித் தர வேண்டும். எப்படிடா பேசுகிறாய்?

அக்கா


நவம்பர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமென்றால் நல்லது, நான் நலம். ரோமானியன் கெட்டிக்காரன். எவ்வளவு வசதியான வாக்கியம்! இடுப்பைப் பற்றி எழுதவில்லை என்று தையல்காரி என்னிடம் கோபித்துக்கொண்டாள். வலி இருக்கிறதாம், எழுதச் சொன்னாள்.

பேச்சு ரொம்பச் சுலபம். முதல் வாக்கியத்தைச் சின்னதாகச் சொல். பெரிய வாக்கியத்தில் ஆரம்பித்தால் நடுவில் மூச்சு போய்விடும். எதிரில் ஐந்து பேர் என்று நினைக்காதே. ஒருத்தரைப் பிடி, முகத்தில் கொஞ்சம் இரக்கம் இருக்கிற ஆளாகப் பார்த்து. அவருக்கு மட்டும் விற்பனை செய். மற்ற நாலு பேரும் என்னடா நடக்கிறது என்று தானாக எட்டிப் பார்ப்பார்கள். தெரியாததைக் கேட்டால், 'நல்ல கேள்வி' என்று சொல்லிவிட்டுத் தெரிந்த இடத்துக்கு நடந்து போ. நான் எத்தனை கீறல் விழுந்த தட்டை அப்படித் தாண்டி வந்திருக்கிறேன்!

முக்கியமானது ஒன்று. பேசும்போது உன் குரல் உன் காதிலேயே விழும். அது ஒரு சுகம். கூட ஒரு ஆள் நிற்கிற மாதிரி இருக்கும். இத்தனை நாள் அது எனக்குத் தெரியாது.

தினமும் கண்ணாடி முன்னால் சத்தம் போட்டுப் படி. அறைப்பெண் சிரித்தால் சிரிக்கட்டும். போன் இன்னும் சரியாகவில்லை.

தம்பி


ஜனவரி 9

தம்பி,

நேற்று உன் பக்கத்துக் கடை பெயின்ட்காரருக்கு போன் செய்தேன். ஒரே வரிசை, ஒரே ரோடு, அவர் போன் நன்றாக இருக்கிறது. உன்னைக் கூப்பிடச் சொன்னேன். "வந்து என்ன பண்ணப்போறாரும்மா? கேக்கத்தானே முடியும்" என்றார். எனக்குப் புரியவில்லை. "கூப்பிடுங்க" என்றேன்.

நீ வந்தாய். நான் 'டேய்' என்றேன். மூச்சு மட்டும் கேட்டது, ஓட்டை வழியாகக் காற்று போகிற மாதிரி. மறுபடி 'டேய்' என்றேன். நீ ரிசீவரை விரலால் தட்டினாய். அப்புறம் பெயின்ட்காரர் வாங்கி, "ஆபரேஷன்ல குரலையே எடுத்துட்டாங்களேம்மா, உங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

போனில் பேசினால் நான் சுண்டிப் பார்த்துவிடுவேன் என்றுதானே பேனாவை எடுத்தாய்? பக்கம் பக்கமாகப் புகழ்ந்து எழுதுகிற கம்பெனிக்காரன் சரக்கை நான் பிரிக்காமலே திருப்பி அனுப்புவேன். உன் பக்கங்களை மட்டும் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டேன். பாறாங்கல் என்றெல்லாம் வேறு எழுதியிருக்கிறேன்.

என்ன வியாதி, எது வரை போயிருக்கிறது, எல்லாவற்றையும் எழுது. இல்லையென்றால் அடுத்த ரயிலில் ஏறுவேன்.

அக்கா


ஜனவரி 18

அக்காவுக்கு,

புற்று. ஆகஸ்டில் வெட்டி எடுத்தார்கள். கழுத்தில் ஒரு துளை இருக்கிறது, மூச்சு அதன் வழியாக. பேச்சு கிடையாது. போன மாதம் பார்த்ததில் நுரையீரலுக்குப் போயிருக்கிறது என்கிறார்கள். நலம் என்று இந்தத் தடவை எழுதவில்லை.

குறையை எழுத்தில் வைக்காதே, உடைந்த சரக்கைப் பற்றி நேரில் மட்டும் பேசு. இது நீ போட்ட சட்டம். கடைக்காரனாக அதைத்தான் செய்தேன். நேரில் பேசலாம் என்றால் வாய் இல்லை. என்ன செய்யச் சொல்கிறாய்?

வராதே. உன்மேல் சத்தியம், தேர்வுக்கு முன்னால் வந்தால் கடைக்குள் விடமாட்டேன். அறுபது வயதை நெருங்கிக்கொண்டு நீ எனக்காக ஒரு வருஷத்தை மறுபடி படிக்க வேண்டாம். நம் இருவரில் ஒருத்தராவது நாலு பேர் எதிரில் நின்று பேச வேண்டும். பேசி முடித்து, எப்படிப் பேசினாய் என்று ஒரு வார்த்தை விடாமல் எழுது. அதைப் படித்துவிட்டால் போதும் எனக்கு.

தம்பி


மார்ச் 14

அன்புள்ள தம்பிக்கு,

நான் மிகவும் நலம்! நீ தெம்பாக இருக்கிறாயா? தையல்காரி உன்னை நேரத்துக்குச் சாப்பிட வைக்கிறாளா?

முடிந்தது! எப்படி நடந்தது தெரியுமா? உள்ளே போனதும் நீ சொன்னபடி ஒருத்தரைப் பிடித்தேன். வழுக்கைத் தலை, கோட்டுப் பையில் மூன்று பேனா, பார்த்தால் பாவமாக இருந்தார். அவருக்கு மட்டும் விற்பனை செய்தேன். முதல் வாக்கியம் சின்னது. 'ஏதன்ஸில் எல்லோரும் வியாபாரிகள், பேச்சுதான் சரக்கு' என்றேன். சிரித்துவிட்டார்கள்! அதோடு பயம் போயிற்று. ஜாடியில் ஓடுகிறவர்களைப் பற்றிக் கேட்டார்கள். வெறுங்கையோடு ஓடினால் ஓட்டப்பந்தயம், ஈட்டியோடு ஓடினால் போர் என்று பிரித்துப் பிரித்துச் சொன்னேன். ரோமானியர் கடிதத்தைக் கேட்டார்கள், நம் மூட்டை உதாரணத்தைச் சொன்னேன். மேசையைத் தட்டி ரசித்தார்கள்.

கடைசியில் பேராசிரியை ஒரு கேள்வி போட்டார். "அவனவனே பேசணும்னா, பேச முடியாதவனுக்காக யார் பேசினது?" நான் கொஞ்சமும் தடுமாறவில்லை. 'சொந்தக்காரர்கள், நண்பர்கள் எழுந்து நின்று அவனுக்காகப் பேசலாம், நீதிபதிகள் கேட்பார்கள்' என்றேன். உதாரணத்தோடு, மணி மணியாக. வெளியே வந்தபோது அறைப்பெண் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பேராசிரியை, "யாரும்மா உங்களுக்குப் பேசக் கத்துக்குடுத்தது?" என்றார். 'என் தம்பி' என்றேன். என் குரல் என் காதிலேயே கேட்டதடா. நீ சொன்ன சுகம் அதுதான். முடிவு வரக் கொஞ்ச நாளாகும், அதெல்லாம் வெறும் சடங்கு.

புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறேன்.

அக்கா


மார்ச் 14

தையல்காரிக்கு,

உன் உடம்பைப் பார்த்துக்கொள். இதை அவன் இல்லாத இடத்தில் படி, படித்ததும் கிழித்துவிடு.

நான் தேறவில்லை. முதல் இரண்டு கேள்விக்குத் தட்டுத் தடுமாறி ஏதோ சொன்னேன். பேச முடியாதவனுக்காக யார் பேசினது என்று கேட்டார்கள். பதில் தெரியும். வாயைத் திறந்தேன், வரவில்லை. தண்ணீர் கொடுத்தார்கள், காத்திருந்தார்கள். அந்த வழுக்கைத் தலைக்காரர், "மெதுவா சொல்லுங்கம்மா" என்று இரண்டு முறை சொன்னார். ஐந்து பேர் முன்னால் மரம் மாதிரி உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஜனவரியிலேயே நான் வந்திருக்க வேண்டும். அவன் தடுத்தான் என்று சொல்லிக்கொண்டேன். எனக்கும் முடிக்க ஆசை இருந்தது.

அவனுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன், அதுவே அவனுக்குத் தெரிந்தால் போதும். முகத்தில் காட்டிவிடாதே.

அண்ணி


மார்ச் 22

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். என் இடுப்பு பரவாயில்லை. அவரைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை, மன்னிக்கவும். எனக்கு உங்களைப்போல எழுத வராது, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்னபடி எனக்கு வந்த கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். நான் வாயைத் திறக்கவில்லை, சத்தியம். அவர் தனக்கு வந்ததைத் தலையணை வைத்துச் சாய்ந்துகொண்டு படித்தார். மேசையைத் தட்டினார்கள் என்ற இடத்தில் தோள் குலுங்கச் சிரித்தார். முடித்ததும் முதலிலிருந்து படித்தார். இரண்டாம் தடவை சிரிக்கவில்லை. பிறகு சிலேட்டைக் கேட்டு வாங்கி, 'பாவம், தன்னையே திட்டிக்கொள்ளாமல் அக்காவை வரச் சொல்லு' என்று எழுதினார்.

நீங்கள் வந்துதான் ஆக வேண்டும், அண்ணி. பெரிய டாக்டர் இன்னொரு ஆபரேஷன் என்கிறார். இவர் வேண்டாம் என்று எழுதிக் காட்டுகிறார், வீட்டில் இருக்கிறேன் என்கிறார். டாக்டர் நின்று படிப்பதில்லை. இப்போது எழுதவும் நேரமாகிறது, ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் அவர் அடுத்த நோயாளியிடம் போய்விடுகிறார். நான் பேசினால், "நீங்க அழாதீங்கம்மா, நாங்க பாத்துக்கறோம்" என்று கையெழுத்து கேட்கிறார்கள். இவர் என்னைப் பார்க்கிறார்.

வியாழக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். உங்களுக்குப் பேச வராது என்று இவர் எப்போதும் கேலி செய்வார். பரவாயில்லை அண்ணி, வராவிட்டாலும் வாருங்கள். வந்து இவருக்காகப் பேசுங்கள்.

தங்கள்
தையல்காரி